மேட்ரிக்ஸ்ல பிளஸ், மைனஸ் மட்டும் தெரிஞ்சா அது நில்பொடென்ட் ஆகுமான்னு சொல்ல முடியுமா?

முதல்ல கேள்வி என்னன்னு சொல்லிடறேன். எம்.எஸ்.சி. படிக்கிற ஒருத்தர் கேட்டது இது: ஒரு மேட்ரிக்ஸ்ல எண் எதுவும் தெரியாது, எந்த இடத்துல பிளஸ், எந்த இடத்துல மைனஸ், எந்த இடத்துல ஜீரோங்கிறது மட்டும் தெரியும், அதை வச்சு அந்த மேட்ரிக்ஸ் நில்பொடென்டா இருக்க வழி இருக்கா இல்லையான்னு சொல்ல முடியுமா? கூடவே ரெண்டு பேட்டர்ன் கொடுத்திருக்காங்க.

முதலாவது:
[ + + + ]
[ + + + ]
[ + + − ]

ரெண்டாவது:
[ + − + ]
[ + − + ]
[ + − + ]

ரெண்டுலயும் டயகனல்ல பிளஸும் இருக்கு மைனஸும் இருக்கு, அதனால டிரேஸை (டயகனல் எண்களோட கூட்டலை) ஜீரோ ஆக்கிடலாம், அப்புறம் ஏன் முதலாவது ஆகவே ஆகாது, ரெண்டாவது ஆகும்னு கிளாஸ்ல சொன்னாங்கன்னு புரியலையாம்.

ரொம்ப நல்ல கேள்வி. எனக்கு இந்த டாபிக் மேல பல வருஷமா பிரியம் உண்டு, ஏன்னா பிளஸ் டூ கணக்கு தெரிஞ்சவங்க பேப்பர்ல போட்டுப் பார்க்க ஆரம்பிக்கலாம், நாலு பக்கம் தாண்டினா இன்னும் யாருக்கும் முழு விடை தெரியாத இடத்துக்கு வந்து நின்னுடுவோம். பொறுமையா போவோம், கையில பேனா பேப்பர் இருந்தா நல்லது.

நில்பொடென்ட்னா ஒரு மேட்ரிக்ஸை அதாலேயே திரும்பத் திரும்பப் பெருக்கிட்டே போனா ஒரு கட்டத்துல முழுசா ஜீரோ ஆயிடணும். இந்தப் பேரை வச்சவர் பெஞ்சமின் பியர்ஸ்னு ஒரு அமெரிக்கர், 1870-ல. அதே விஷயத்தை இன்னொரு விதமா சொன்னா எல்லா ஐகன்வேல்யூவும் (மேட்ரிக்ஸ் ஒரு வெக்டரைத் திசை மாத்தாம வெறும் மடங்கா ஆக்கினா, அந்த மடங்கு எண்) ஜீரோ, அதாவது ஐகன்வேல்யூக்களை மூலங்களா வச்சிருக்கிற கேரக்டரிஸ்டிக் பாலினாமியல் வெறும் 'எக்ஸ்'-ஓட பவரா மட்டும் நிக்கும், மத்த கோஎஃபிஷியன்ட் எல்லாம் காணாம போயிடும். நமக்கு வேலை இந்த ரெண்டாவது பார்வையிலதான், அதனால இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க.

சைன் மட்டும் வச்சுக்கிட்டு ஏன் ஒருத்தர் மண்டையை உடைச்சுக்கணும்னு தோணலாம். இது பொருளாதாரத்துல இருந்து வந்தது. பால் சாமுவேல்சன் 1947-ல வெளியிட்ட புத்தகத்துல இந்தச் சிக்கலைத் தொட்டார்: விலை ஏறினா தேவை குறையும்னு தெரியும், ஆனா எவ்வளவு குறையும்னு தெரியாது, அப்போ சிஸ்டத்தைப் பத்தி உறுதியா என்ன சொல்ல முடியும்? அப்புறம் சூழலியல்காரங்க எடுத்துக்கிட்டாங்க, ராபர்ட் மே 1973-ல இதைப் பத்தி எழுதினார். புலி மானைத் தின்னா புலிக்கு பிளஸ், மானுக்கு மைனஸ், இது நிச்சயம். ஆனா எத்தனை சதவீதம்னு காட்டுக்குள்ள போய் யார் அளக்கிறது? இந்த மாதிரி சிஸ்டம் நிலையா நிக்குமான்னு கேட்டா அது ஐகன்வேல்யூ கேள்வி, அந்த ஐகன்வேல்யூ எங்கெல்லாம் போக முடியும்னு கேட்டா, கடைசியில நில்பொடென்ட்ல வந்து நிக்குது. ஏன்னு கீழ வரும்.

இங்க ரெண்டு கேள்வி கலந்து கிடக்கு, பிரிச்சுக்கணும். ஒண்ணு, அந்தப் பேட்டர்ன்ல என்ன எண் போட்டாலும் நில்பொடென்ட்தானா? இன்னொண்ணு, சரியான எண்ணாப் பார்த்துப் போட்டா ஒண்ணாவது நில்பொடென்ட் கிடைக்குமா? முதல் கேள்வி சுலபம், சட்டுனு முடிச்சுடறேன். மேட்ரிக்ஸை அம்புக்குறிப் படமா வரைஞ்சுக்கோங்க, 1-வது நிரையில 2-வது நிரல்ல ஜீரோ இல்லைன்னா 1-ல இருந்து 2-க்கு ஒரு அம்பு. படத்துல எங்கேயும் சுத்தி வந்து கிளம்பின இடத்துக்கே திரும்பற வழி இல்லைன்னா, எந்த எண் போட்டாலும் நில்பொடென்ட்தான், ஏன்னா நீளமா நடக்க வழியே இல்ல, மேட்ரிக்ஸோட பவர்ல வர்ற ஒவ்வொரு உறுப்பும் அந்த அம்புகள் வழியா போற ஒரு நடைதானே. ஒரே ஒரு சுற்று இருந்தாலும் கதை முடிஞ்சுது, அந்தச் சுற்றுல இருக்கிற எண்ணுக்கெல்லாம் 1 அல்லது −1 போட்டு மத்ததையெல்லாம் கடுகளவா ஆக்கிட்டா ஒரு ஐகன்வேல்யூ 1-க்குப் பக்கத்து அளவுல வந்து உட்கார்ந்துடும், ஜீரோ ஆகாது. சுற்று இருக்கான்னு பார்க்க ஒரு கைவேலை சொல்றேன்: முழுசா ஜீரோவா இருக்கிற நிரையைத் தேடுங்க, அதையும் அதே எண்ணுள்ள நிரலையும் அடிச்சுடுங்க, மிச்சத்துல மறுபடியும் தேடுங்க, எல்லாம் அடிபட்டுப் போச்சுன்னா சுற்று இல்ல, நடுவுல மாட்டிக்கிச்சுன்னா இருக்கு.

ரெண்டாவது கேள்விதான் நிஜமான கேள்வி, நீங்க கேட்டதும் அதுதான்.

2×2-ல முழுசா போட்டுப் பார்ப்போம்.
[ க ச ]
[ ட த ]
டிரேஸ் ஜீரோன்னா க + த = 0. டிடர்மினன்ட் ஜீரோன்னா க×த = ச×ட. ரெண்டையும் சேர்த்தா ச×ட = −க². அவ்வளவுதான், இதுல எல்லாம் இருக்கு. க ஜீரோன்னா த-வும் ஜீரோ, ச, ட ரெண்டுல ஒண்ணாவது ஜீரோ. க ஜீரோ இல்லைன்னா த எதிர் சைன், ச-வும் ட-வும் ஒண்ணுக்கொண்ணு எதிர் சைன். எண்ணிப் பாருங்க, மொத்தம் இருக்கிற 81 பேட்டர்ன்ல 9 தான் தேறும், அதுல ஜீரோவே இல்லாதது 4. அந்த நாலுல ஒண்ணு:
[ 1 1 ]
[ −1 −1 ]
இதை இதாலேயே பெருக்குங்க, நாலு இடத்துலயும் 1 − 1, −1 + 1னு வந்து ஜீரோ. மீதி மூணும் இதோட சொந்தக்காரங்கதான்: மொத்தமா சைனை மாத்தினாலோ, ஒரு நிரையையும் அதே எண்ணுள்ள நிரலையும் சேர்த்து சைன் மாத்தினாலோ வந்துடும். இப்படி மாத்தினா நில்பொடென்ட் தன்மை கெடாது, அதே மாதிரி நிரை நிரல் எண்களை ஒரே மாதிரி மாத்தி அடுக்கினாலும், டிரான்ஸ்போஸ் எடுத்தாலும் கெடாது. பெரிய மேட்ரிக்ஸ்ல வேலை செய்யும்போது இந்த நாலு மாத்தலும் கையில இருந்தா பாதி வேலை மிச்சம்.

இப்போ 3×3. கேரக்டரிஸ்டிக் பாலினாமியல்ல மூணு கோஎஃபிஷியன்ட் ஜீரோ ஆகணும். ஒண்ணு டிரேஸ், ரெண்டாவது, ஏதாவது ரெண்டு நிரையையும் அதே எண்ணுள்ள ரெண்டு நிரலையும் எடுத்தா வர்ற மூணு 2×2 டிடர்மினன்ட்களோட கூட்டல், மூணாவது முழு டிடர்மினன்ட். ஒரு கூட்டல் ஜீரோ ஆகணும்னா அதுல வர்ற உறுப்புகள்ல பிளஸும் இருக்கணும் மைனஸும் இருக்கணும், இல்லைன்னா உறுப்பே இருக்கக்கூடாது. எல்லாம் பிளஸ்ஸா இருந்துட்டு ஜீரோ ஆகாது, இது யாருக்கும் புரியும். டிரேஸை வச்சு நீங்க யோசிச்சதும் இதேதான், சரியான ஆரம்பம். இந்தச் சோதனையை மூணு சமன்பாட்டுக்கும் போட்டுப் பார்த்து ஒண்ணுல ஃபெயில் ஆனா கூட அந்தப் பேட்டர்னைத் தூக்கிப் போட்டுடலாம். ஆனா எல்லாத்துலயும் பாஸ் ஆனா நில்பொடென்ட் கிடைச்சுடும்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க, அங்கதான் தப்பு, உங்க முதல் பேட்டர்ன் அதுக்கு அருமையான உதாரணம்.

அதை எடுத்துக்கோங்க. டயகனல் பிளஸ், பிளஸ், மைனஸ், மத்த எல்லாம் பிளஸ். டிரேஸ்ல ரெண்டு சைனும் இருக்கு. ரெண்டாவது கூட்டல்ல முதல் ரெண்டு டயகனல் எண்ணையும் பெருக்கினா பிளஸ், மூணாவதோட பெருக்கினா மைனஸ், ஆக ரெண்டு சைனும் இருக்கு. முழு டிடர்மினன்ட்ல டயகனல் மூணையும் பெருக்கினா மைனஸ், 1-2-3-1னு சுத்தி வர்ற பெருக்கல் பிளஸ், மறுபடியும் ரெண்டும் இருக்கு. மூணு சோதனையிலயும் பாஸ். ஆனாலும் இதுல நில்பொடென்ட் கிடையவே கிடையாது! ஏன்னா மேட்ரிக்ஸோட ஸ்கொயரை எடுத்து அதோட டிரேஸைப் பாருங்க. நில்பொடென்ட்னா ஸ்கொயரும் நில்பொடென்ட், அதோட டிரேஸும் ஜீரோ ஆகணும். அந்த டிரேஸ்ல வர்றது என்ன? டயகனல் எண்களோட வர்க்கங்கள், அப்புறம் டயகனலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணாடி பார்த்த மாதிரி இருக்கிற ஜோடிகளோட பெருக்கல், ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை. வர்க்கம் எப்பவும் பிளஸ், ஜோடியில ரெண்டும் ஒரே சைன், அதனால பெருக்கலும் பிளஸ். பிளஸ் மேல பிளஸ், ஜீரோ ஆக வழியே இல்ல.

அப்போ முதல் சோதனையில ஏன் பாஸ் ஆச்சு? ஒவ்வொரு சமன்பாட்டையும் தனித்தனியா ஜீரோ ஆக்க முடியும், ஆனா ஒரே எண்களை வச்சு எல்லாத்தையும் ஒண்ணா ஜீரோ ஆக்க முடியாது. ஸ்கொயரோட டிரேஸ்ங்கிறது டிரேஸோட வர்க்கத்துல இருந்து ரெண்டாவது கோஎஃபிஷியன்டை ரெண்டால பெருக்கிக் கழிச்சது, அதாவது முதல் ரெண்டு சமன்பாட்டையும் சேர்த்து முறுக்கினதுதான் அது. தனியா பார்த்தா தெரியாத முரண்பாடு சேர்த்துப் பார்த்தா தெரியுது. இந்தத் துறையில கஷ்டம் முழுக்க இங்கதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன், ஒவ்வொரு சமன்பாடும் தனியா 'என்னால முடியும்'னு சொல்லும், ஒண்ணா உட்கார வைக்கிறதுதான் பாடு. பொதுவா சொன்னா, கண்ணாடி ஜோடிகள் எல்லாம் ஒரே சைனா இருக்கிற எந்தப் பேட்டர்னும், முழு ஜீரோவைத் தவிர, தேறாது.

இப்போ ரெண்டாவது பேட்டர்ன். இதுக்கு கணக்கே போட வேண்டாம், பாருங்க:
[ 1 −2 1 ]
[ 1 −2 1 ]
[ 1 −2 1 ]
மூணு நிரையும் ஒண்ணு, ஒரு நிரையோட கூட்டல் 1 − 2 + 1 = 0, ஸ்கொயர் எடுத்தா மொத்தமும் ஜீரோ. இது எங்கிருந்து வந்துச்சுன்னா, ஒரு நிரல் வெக்டரையும் ஒரு நிரை வெக்டரையும் பெருக்கினா ரேங்க் 1 மேட்ரிக்ஸ் வரும், அதோட ஸ்கொயர் அதே மேட்ரிக்ஸை அந்த ரெண்டு வெக்டரோட டாட் ப்ராடக்டால பெருக்கினதுதான். டாட் ப்ராடக்ட் ஜீரோன்னா ஸ்கொயர் ஜீரோ. டாட் ப்ராடக்ட்ல வர்ற உறுப்புகள்தான் அந்த மேட்ரிக்ஸோட டயகனல், அதனால டயகனல்ல ரெண்டு சைனும் இருந்தா போதும், அளவை சரி பண்ணி ஜீரோ ஆக்கிடலாம். ஆக ரேங்க் 1 மாதிரி அமைஞ்ச, அதாவது எந்த ரெண்டு நிரையை எடுத்தாலும் ஒண்ணு அப்படியே இன்னொண்ணு, இல்லைன்னா மொத்தமா சைன் திருப்பினதுங்கிற மாதிரி இருக்கிற பேட்டர்ன்ல, டயகனல் டிரேஸ் சோதனை மட்டுமே போதும். உங்க ஊகம் இந்த வகைக்கு நூத்துக்கு நூறு சரி. 3×3-ல ஜீரோ இல்லாத பேட்டர்ன் மொத்தம் 512, அதுல ரேங்க் 1 மாதிரி அமையறது 32, அதுல டயகனல் முழுக்க பிளஸ்ஸோ முழுக்க மைனஸோ இருக்கிற 8-ஐ கழிச்சா 24. அந்த 24-ம் இந்த ஒரே யோசனையில பாஸ். 2×2-க்கு இதே கணக்கைப் போட்டா 8 − 4 = 4, மேல நாம கண்டுபிடிச்ச அதே நாலு.

நில்பொடென்டைத் தேடறதுல எனக்கு ஏன் இவ்வளவு ஆர்வம்னு இப்போ சொல்றேன். ஜீரோவே இல்லாத ஒரு பேட்டர்ன்ல ஒரே ஒரு நில்பொடென்ட் கிடைச்சுட்டா, அந்தப் பேட்டர்ன்ல எந்த பாலினாமியல் வேணும்னாலும் கிடைக்கும்! நீங்க ஆசைப்படற எந்த ஐகன்வேல்யூ கூட்டமும், காம்ப்ளெக்ஸ் எண்ணா இருந்தா ஜோடி ஜோடியா வரணுங்கிற ஒரே நிபந்தனையோட, அதே சைன்களை வச்சுக்கிட்டே வரவழைக்கலாம். இந்த மாதிரி பேட்டர்னுக்கு ஸ்பெக்ட்ரலி ஆர்பிட்ரரின்னு பேரு. ஜீரோ இல்லாத பேட்டர்னுக்கு இதை ராஜேஷ் பெரேரா 2007-ல நிரூபிச்சார். நிரூபணத்தோட உயிரை நாலு வரியில சொல்லிடலாம்.

நில்பொடென்ட் மேட்ரிக்ஸை ஜோர்டன் ஃபார்முக்கு மாத்துங்க, டயகனலுக்கு மேல 1-ம் 0-வும் மட்டும் இருக்கும். அந்த 0 இருக்கிற இடத்துல கடுகளவு எண் போடுங்க, கடைசி நிரையிலயும் கடுகளவு எண்களைப் போடுங்க. கடைசி நிரையில போடற எண்கள்தான் பாலினாமியலோட கோஎஃபிஷியன்டைத் தீர்மானிக்குது, அதனால சின்ன கோஎஃபிஷியன்ட் உள்ள எந்த பாலினாமியலையும் இப்படி உண்டாக்கலாம். பழைய வடிவத்துக்குத் திரும்ப வாங்க, எல்லா எண்ணும் கொஞ்சூண்டு ஆடியிருக்கும், ஆனா ஜீரோ எங்கேயும் இல்லாததால கொஞ்சம் ஆடினா சைன் மாறாது. பெரிய கோஎஃபிஷியன்ட் வேணும்னா முழு மேட்ரிக்ஸையும் ஒரு பெரிய பாசிட்டிவ் எண்ணால பெருக்குங்க, ஐகன்வேல்யூ எல்லாம் அதே மடங்கு பெரிசாகும், சைன் மாறாது. முடிஞ்சுது. எத்தனை தடவை கிளாஸ்ல சொன்னாலும் எனக்கு இது சலிக்கல. நில்பொடென்ட் நட்ட நடுவுல நிக்குது, எல்லா திசையிலயும் கொஞ்சம் நகர முடிஞ்சா போதும், மீதியை பெருக்கல் பார்த்துக்கும்.

உதாரணமா [ 1 1 ], [ −1 −1 ]-ல ஒரே ஒரு எண்ணை மாத்துங்க, கீழ இடது −1-ஐ −2 ஆக்குங்க, டிரேஸ் 0, டிடர்மினன்ட் 1, ஐகன்வேல்யூ ரெண்டும் சுத்தமான கற்பனை எண். அதுக்குப் பதிலா மேல இடது 1-ஐ மட்டும் 3 ஆக்குங்க, டிரேஸ் 2, டிடர்மினன்ட் −2, இப்போ ஒண்ணு பிளஸ் ஒண்ணு மைனஸ். சைன் அதேதான். அதனால இந்த சைன் பேட்டர்ன் உள்ள ஒரு சூழலியல் மாடலை யாராவது கொண்டு வந்து இது நிலையானதான்னு கேட்டா, சைனை வச்சு எதுவும் சொல்ல முடியாது, போய் அளந்துட்டு வாங்கன்னு தைரியமா சொல்லலாம். அப்படி உறுதியா சொல்ல முடியறதே பெரிய விஷயம்.

ஜீரோ உள்ள பேட்டர்ன்ல இந்த வித்தை அப்படியே நடக்காது, ஆட்டினா ஜீரோ ஜீரோவா நிக்காதே. நடக்காதுங்கிறதுக்கு ஒரு குட்டி உதாரணம்:
[ 0 1 0 ]
[ 1 0 1 ]
[ 0 −1 0 ]
க்யூப் எடுத்தா ஜீரோ, போட்டுப் பாருங்க. ஆனா டயகனல் முழுக்க ஜீரோங்கிறதால என்ன எண் போட்டாலும் டிரேஸ் ஜீரோதான், ஐகன்வேல்யூ 1, 2, 3 வேணும்னு கேட்டா கிடைக்காது. அதனால நில்பொடென்ட் கிடைச்சா மட்டும் போதாது, அங்கிருந்து எல்லா திசையிலயும் நகர முடியுதான்னும் பார்க்கணும்.

அதைப் பார்க்கிற வழியைக் கொடுத்தது 2000-ல வந்த ஒரு பேப்பர், ட்ரூ, ஜான்சன், ஒலெஸ்கி, வான் டென் ட்ரீஷ் நாலு பேரும் எழுதினது. இதுல பவுலின் வான் டென் ட்ரீஷ் கனடாவுல விக்டோரியா யுனிவர்சிட்டியில இருக்கிறவங்க, கொரோனா நேரத்துல எல்லாரும் ஆர் நாட், ஆர் நாட்னு (ஒரு நோயாளிகிட்ட இருந்து சராசரியா எத்தனை பேருக்குத் தொத்தும்ங்கிற எண்) பேசினோமே, அதைத் தொற்றுநோய் மாடல்கள்ல மேட்ரிக்ஸ் வச்சு எப்படிக் கணக்கிடறதுன்னு 2002-ல வாட்மஃப்ங்கிறவரோட சேர்ந்து எழுதினதும் இவங்கதான். சைன் பேட்டர்னும் நோய்ப்பரவலும் ஒரே கையில இருந்து வந்திருக்குங்கிறது எனக்கு ஆச்சரியமா பட்டுச்சு, அப்புறம் யோசிச்சா ரெண்டுமே ஐகன்வேல்யூ எங்க போகும்ங்கிற அதே கேள்விதான்.

அவங்க முறை இதுதான்: நில்பொடென்ட் ஒண்ணைப் பிடி, அளவு எத்தனையோ அத்தனை எண்களை மாறிகளா வச்சுக்கோ, கோஎஃபிஷியன்ட்களை அந்த மாறிகளைப் பொறுத்து டிஃபரென்ஷியேட் பண்ணி, அதையெல்லாம் ஒரு மேட்ரிக்ஸா அடுக்கி அதோட டிடர்மினன்டை (ஜேக்கோபியன்னு பேரு) எடு, நில்பொடென்ட் இருக்கிற இடத்துல அது ஜீரோ இல்லைன்னா, எல்லா திசையிலயும் நகர முடியும். அந்தப் பேப்பர்லயே வர்ற பேட்டர்னை வச்சு காட்டறேன், டயகனலுக்கு மேல பிளஸ், கீழ மைனஸ், டயகனலோட ஒரு முனையில மைனஸ், மறு முனையில பிளஸ், மத்ததெல்லாம் ஜீரோ:
[ −க 1 0 ]
[ −ப 0 1 ]
[ 0 −ம வ ]
க, ப, ம, வ எல்லாம் பாசிட்டிவ். (மேல இருக்கிற பிளஸ்களை 1-ன்னு வச்சதுல தப்பில்ல, டயகனல் மேட்ரிக்ஸால இந்தப் பக்கமும் அதோட இன்வர்ஸால அந்தப் பக்கமும் பெருக்கி அப்படி ஆக்கிக்கலாம், ஐகன்வேல்யூ மாறாது.) டிரேஸ் வ − க. ரெண்டாவது கோஎஃபிஷியன்ட் ப + ம − க×வ. டிடர்மினன்ட் ப×வ − க×ம. மூணையும் ஜீரோ ஆக்கினா வ = க, அப்புறம் ப = ம, அப்புறம் ரெண்டும் க²-ல பாதி. க-வுக்கு 2 போட்டா எல்லாம் முழு எண்:
[ −2 1 0 ]
[ −2 0 1 ]
[ 0 −2 2 ]
இதோட ஸ்கொயர்ல நிரைகள் 2, −2, 1, அப்புறம் 4, −4, 2, மறுபடியும் 4, −4, 2. மூணும் ஒரே நிரையோட மடங்கு. இன்னொரு தடவை பெருக்கினா எல்லாம் ஜீரோ. இப்போ வ-வை 2-ன்னு நிறுத்திட்டு க, ப, ம மூணையும் மாறிகளா வச்சு ஜேக்கோபியன் எடுத்தா க + வ வருது, அதாவது 4. ஜீரோ இல்ல. ஆக இந்தப் பேட்டர்ன் ஸ்பெக்ட்ரலி ஆர்பிட்ரரி. இதோட ஒரு பரிசும் சேர்ந்து வருது: மூணு ஜீரோ இருக்கே, அந்த இடங்கள்ல பிளஸ், மைனஸ், ஜீரோ எதை நிரப்பினாலும், மொத்தம் 27 பேட்டர்ன், எல்லாமே ஸ்பெக்ட்ரலி ஆர்பிட்ரரி, எல்லாத்துலயும் நில்பொடென்ட் உண்டு. ஒரே ஒரு மேட்ரிக்ஸை நல்லா பார்த்ததுல 27 கேள்விக்கு விடை.

இந்தப் பேட்டர்ன் எல்லா அளவுக்கும் இப்படித்தான் இருக்கும்னு அந்த நாலு பேரும் ஊகமா வச்சாங்க, கொஞ்சம் கொஞ்சமா சின்ன அளவுகளுக்கு சரிபார்த்துட்டே வந்தாங்க, கடைசியில 2012-ல கார்னெட்டும் ஷேடரும் எல்லா அளவுக்கும் நிரூபிச்சுட்டாங்க. இதுல ஜீரோ இல்லாத இடங்களை எண்ணினா அளவுல சரியா ரெண்டு மடங்கு, 3-க்கு 6, 4-க்கு 8. சின்னச் சின்ன துண்டா உடையாத ஒரு பேட்டர்ன் ஸ்பெக்ட்ரலி ஆர்பிட்ரரியா இருக்கணும்னா குறைஞ்சது ரெண்டு மடங்குல ஒண்ணு கம்மியாவது வேணும்னு நிரூபிச்சிருக்காங்க, காரணமும் புரியறதுதான், அளவுல ஒண்ணு கம்மியான எண்ணிக்கையை மேல பண்ணின மாதிரி 1 ஆக்கி செலவழிச்சுடறோம், அது போக அளவு எத்தனையோ அத்தனை சுதந்திரமான எண் மிச்சம் வேணும். ஆனா நிஜத்துல முழுசா ரெண்டு மடங்கு வேணுங்கிறதுதான் 2004-ல பிரிட்ஸ், மெக்டொனால்ட், ஒலெஸ்கி, வான் டென் ட்ரீஷ் வச்ச ஊகம். ஒரே ஒரு எண் வித்தியாசம், ஆனா அந்த ஒண்ணுக்காக எத்தனை பேப்பர் வந்திருக்கு!

பொதுவா எந்தப் பேட்டர்ன்ல நில்பொடென்ட் கிடைக்கும்னு சைனைப் பார்த்தே சொல்ற ஒரு முழு விதி இன்னும் யார்கிட்டயும் இல்ல. சின்ன அளவு, நட்சத்திரம் மாதிரி படம், மரம் மாதிரி படம்னு தனித்தனி வகைகளுக்குத்தான் விடை இருக்கு. கொள்கை அளவுல ஒவ்வொரு பேட்டர்னுக்கும் கம்ப்யூட்டரால தீர்மானிக்க முடியும், ஏன்னா இது மெய்யெண்கள் மேல பாலினாமியல் சமன்பாடும் அசமன்பாடும்தான், அதைத் தீர்மானிக்க வழி உண்டுன்னு டார்ஸ்கிங்கிற தர்க்கவியல் அறிஞர் காட்டிட்டார், ஆனா அளவு ஏற ஏற நேரம் மலை மாதிரி ஏறும்.

அதனால நீங்க ப்ரோக்ராம் எழுதித் தேடப் போறீங்கன்னா ரெண்டு இடத்துல வழுக்கும், ரெண்டுலயும் ஸ்டூடன்ட்ஸ் விழுந்து பார்த்திருக்கேன். ஒண்ணு, ஐகன்வேல்யூவைக் கணக்கிட்டு ஜீரோவா இருக்கான்னு பார்க்காதீங்க. 16×16 ஜோர்டன் மேட்ரிக்ஸ், டயகனலுக்கு மேல 1, மத்ததெல்லாம் 0. கீழ இடது மூலையில கம்ப்யூட்டரோட ரவுண்டிங் தப்பு அளவுக்கு, 1-ஐ 10-ஆல 16 தடவை வகுத்த அளவுக்கு ஒரு எண் நுழைஞ்சா ஐகன்வேல்யூ எல்லாம் 0.1 தூரத்துக்குப் போயிடும். நில்பொடென்டேதான், ஆனா ஸ்க்ரீன்ல 0.1 காட்டும், நீங்க இல்லைன்னு தூக்கிப் போட்டுடுவீங்க. கோஎஃபிஷியன்டைப் பாருங்க, முடிஞ்சா பின்னமாவே வச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, முழு எண்ணோ பின்னமோ மட்டும் போட்டுத் தேடிட்டு கிடைக்கலைன்னு முடிவுக்கு வந்துடாதீங்க. மேல பார்த்த அதே பேட்டர்னை 4×4-க்குப் போடுங்க, டயகனல் −க, 0, 0, வ, மேல மூணு 1, கீழ −ப, −ம, −ர. டிரேஸ் சொல்றது வ = க. அடுத்தது சொல்றது ப + ம + ர = க². அதுக்கு அடுத்தது ப = ர. கடைசி டிடர்மினன்ட் ப×ர = க²×ம. க-வை 1-ன்னு வச்சா ம = ப², 2ப + ப² = 1, அதாவது (ப + 1)-ஓட வர்க்கம் 2. ப-ங்கிறது √2 − 1, ம-ங்கிறது 3 − 2√2. ரெண்டுமே பாசிட்டிவ், அதனால நில்பொடென்ட் இருக்கு. ஆனா க எந்தப் பின்னமா இருந்தாலும் ப-வை க²-ஆல வகுத்தா √2 − 1 தான் வந்தாகணும், ஆக பின்னங்களை மட்டும் வச்சு ஆயிரம் வருஷம் தேடினாலும் இந்தப் பேட்டர்ன்ல ஒரு நில்பொடென்ட் கூட கிடைக்காது. 3×3-ல 2-ம் −2-ம் வச்சே முடிஞ்ச வேலை, ஒரு அளவு கூட்டினதும் √2 இல்லாம நகராது. நேரம் கிடைக்கும்போது இதே மாதிரி 5×5-க்கு அஞ்சு சமன்பாட்டையும் எழுதிப் பாருங்க, டிரேஸ்ல இருந்தே ஆரம்பிங்க, எங்கேயாவது நின்னுட்டா அதுவரைக்கும் எழுதினதைக் கொண்டு வந்து காட்டுங்க, உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.